பாறைக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு பூசணிக்காய்

என்ன தொழில் என்று கேட்பவர்களிடம் இன்டர்நெட் விற்கிறேன் என்று சொல்வேன். அது பொய்யில்லை. ஆனால் உண்மையில் நான் விற்பது பார்வை. சேலத்திலிருந்து அடிவாரம் தாண்டி, வளைவெல்லாம் ஏறி ஏற்காடு வரை கேபிளில் வந்து சேருகிற நெட்டை, ஒரு எஸ்டேட் பாறையின் உச்சியில் நட்ட இரும்புக் கம்பத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து காற்றில் விடுகிறேன். அந்தக் கம்பம் எந்த வீட்டு மாடியிலிருந்து நேராகத் தெரிகிறதோ, அந்த வீட்டில் ஒரு வெள்ளைத் தட்டை மாட்டினால் நெட் வரும். தெரியாவிட்டால் வராது. நடுவில் மரம் நின்றாலும் வராது. தொழில் இவ்வளவுதான். இதைப் புரியவைப்பதற்குள் எனக்கு மண்டை காய்ந்துவிடும்.

காபிச் செடிக்கு நிழலாக வைத்த சில்வர் ஓக் மரங்கள் எனக்குப் பிறவி எதிரிகள். போன வருடம் தட்டுக்குக் கீழே நின்ற மரம் இந்த வருடம் தட்டுக்கு நேரே வந்து நிற்கும். வெட்டச் சொன்னால், மிளகுக் கொடி ஏறியிருக்கிறது என்பார்கள். அடுத்த எதிரி குரங்கு. கேபிளைக் கடித்துப் பார்க்காமல் அதற்குப் பொழுது போகாது. மூடுபனி மட்டும் எனக்கு எதிரியே இல்லை. பனியால் என் நெட் போவதில்லை. இதைத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் ஒருவரும் நம்புவதில்லை. பனி இறங்கியதும் கடைக்குப் போன் வரும். எடுப்பது என் மனைவி.

"ஏனுங்க, மிஸ்டுல நெட்டு நனைஞ்சு போச்சுங்களா?"

"நனையலீங்க, சுவிட்சை அணைச்சுட்டு மறுபடி போடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் என்னை ஒரு முறை முறைப்பாள். பனியை நான்தான் ஊதி அனுப்பினேன் என்பது போல.

தலைச்சோலையில் ஒரு வீட்டுக்குத் தட்டு மாட்டப் போனேன். அந்த வீட்டு அக்கா எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கப் போகிறவர். மகள் சேலத்தில் பி.காம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். சென்னையில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்க ஆள் எடுக்கிறது, முகம் பார்த்துப் பேசி எடுப்பார்களாம். வீட்டில் நெட் நிலையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட முதல் நிபந்தனை. கைபேசியில் அந்த வீட்டில் பேச்சு வரும், படம் வராது. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

மாடியில் நின்று, காபிப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பாறையைக் காட்டி என் வழக்கமான உரையை ஆற்றினேன்.

"அங்கிருந்து பார்வை நேரா இந்தத் தட்டு மேல படணும்ங்கக்கா. பட்டாத்தான் ஓடும்."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "பார்வை படணும்ங்களா?"

"ஆமாங்க. எந்நேரமும் பட்டுட்டே இருக்கணும்."

அக்கா பாறையைப் பார்த்தார். பாறைக்கு அடியில், சரிவில் இருந்த ஓட்டு வீட்டையும் பார்த்தார். நான் போல்ட்டை முடுக்குகிற மும்முரத்தில் இருந்தேன்.

அந்த ஓட்டு வீடு அக்காவின் ஓரகத்தி வீடு. கணவரின் அண்ணன் மனைவி. அந்தப் பெண்ணுக்குப் பெரியம்மா. பாகம் பிரித்தபோது ஒரு பலாமரம் யாருக்கு என்பதில் வந்த முறைப்பு, மரம் காய்க்கும் போதெல்லாம் புதுப்பிக்கப்பட்டு வந்தது. எனக்கும் பெரியம்மாவுக்கும் வேறு ஒரு கணக்கு இருந்தது. பாறைக்குப் போகிற ஒற்றையடிப் பாதை அவர் வாசல் வழியாகத்தான் போகிறது. வண்டியை அங்கேதான் நிறுத்துவேன். நெட் வேண்டும் என்று அவர் முன்பே கேட்டிருந்தார். அவர் வீட்டுக்கும் கம்பத்துக்கும் நடுவே பாறையின் வயிறே புடைத்துக்கொண்டு நிற்கிறது.

"உங்க ஊட்டுக்குப் பார்வை இல்லீங்க பெரியம்மா" என்று அப்போதே சொல்லியிருந்தேன். எதிரே அக்கா வீட்டில் தட்டு ஏறியதும் என்னை வழி மறித்தார்.

"பாறைக்கு அடியில குடியிருக்கறவளுக்கு இல்ல. பள்ளத்துக்கு அந்தாண்ட இருக்கறவளுக்கு உண்டு. நல்லாருக்குதுங்க உங்க நாயம்" என்றார். அதற்குப் பிறகு நான் வண்டி நிறுத்தும்போதெல்லாம் எதிர்ச்சரிவில் பளபளக்கும் தட்டைக் காட்டி, "களத்துல நின்னா அது கண்ணுலயே குத்துதுங்க" என்பார். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நடப்பேன்.

இன்டர்வியூ அன்று காலை நான் தோசையில் கை வைத்த நேரம், மனைவி போனை நீட்டினாள். தலைச்சோலை அக்கா. நெட் போய்விட்டது. பதினொரு மணிக்குக் கம்பெனிக்காரர்கள் கூப்பிடுவார்கள். அந்த ஊரில் மற்ற வீடுகளில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வீடு மட்டும் செத்துக் கிடந்தது.

"பெட்டியில விளக்கு எரியுதுங்களா?"

"எரியுதுங்க."

"குரங்கு ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"வரலீங்க."

"தட்டு முன்னாடி மரம், கிளை, துணி ஏதாச்சும்?"

"ஒண்ணுமே இல்லீங்க. நெட்டுக்காரரே, எம் புள்ளைக்கு இத விட்டா மறுபடி கூப்பிட மாட்டாங்களாமுங்க."

தோசையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். பாறை என் வழியில்தான் இருக்கிறது. அங்கே ஏறிப் பார்த்தால் குறை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பெரியம்மா வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். கம்பத்தில் எல்லாம் சரி. பைனாகுலரை எடுத்துப் பள்ளத்தின் அந்தப் பக்கம் திருப்பினேன். வீடு தெரிந்தது. மாடி தெரிந்தது. தட்டு தெரியவில்லை. தட்டு இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு மீசைக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

திருஷ்டிப் பூசணிக்காய். கண், மூக்கு, மீசை, தொங்குகிற நாக்கு எல்லாம் எழுதி, தட்டுக்கு நேர் முன்னால், தட்டின் அளவுக்கே பார்த்து வாங்கிக் கட்டியிருந்தார்கள். பூசணிக்காய் முழுக்கத் தண்ணீர். தண்ணீரைத் துளைத்துக்கொண்டு என் சிக்னல் போகாது. சிக்னலை மறைக்க என்ன செய்யலாம் என்று என்னையே கேட்டிருந்தாலும் இவ்வளவு கச்சிதமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

நான் பாறையிலிருந்து உருண்டு புரண்டு இறங்கியபோது பெரியம்மா வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, பேய் அடிச்சாப்பல வர்றீங்க?"

"உங்க ஓரகத்தி ஊட்டுப் பொண்ணுக்கு இன்னைக்கு இன்டர்வியூங்க. நெட்டு போச்சுங்க."

அவருக்கு இன்டர்வியூ விஷயமே தெரியாது. விறுவிறுவென்று உள்ளே போய், முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு வந்து, என் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "நடங்க. அந்தப் புள்ள நடை பழகுனதே எங்க களத்துலதான்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரமும் இல்லை, தைரியமும் இல்லை.

அக்கா என்னை எதிர்பார்த்து வாசலில் நின்றார். என் முதுகுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டார். உள்ளே அந்தப் பெண், தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சுடிதாரில், ஓடாத லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து முகம் கழுவியிருப்பது பார்த்ததும் தெரிந்தது.

"அக்கா, ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே! அந்தப் பூசணிக்காய்?"

"அது சாமி காரியம்ங்க. மரம், கிளை, துணின்னுதானுங்களே கேட்டீங்க?"

"அத இறக்கோணும்ங்க."

"இன்னைக்கா? விடிஞ்சதும் கட்டி, சூடம் காட்டியிருக்குது. இறக்குனா புள்ளைக்கு ஆகாதுங்க."

"சரி, தட்டுக்குப் பின்னாடி கட்டிக்கலாம்."

"பின்னாடி கட்டி? கண்ணு முன்னாடி இருந்துல்லங்க வருது! நீங்கதான சொன்னீங்க, அந்தப் பக்கமிருந்து பார்வை எந்நேரமும் பட்டுட்டே இருக்கும்னு?"

அப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. கோபம் தலைக்கேறிக் கத்திவிட்டேன்.

"அந்தப் பக்கம் யாருங்க இருக்காங்க கண்ணு வைக்கறதுக்கு?"

அக்கா என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தப் பூசணிக்காயும் தாங்காது. எனக்குப் பின்னால் பெரியம்மா மெதுவாகத் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். பூசணிக்காயின் முகம் போகிற திசையிலேயே தன் பார்வையையும் கொண்டுபோனார். பள்ளம் தாண்டி, காபி தாண்டி, அவருடைய சொந்த ஓட்டு வீட்டில் போய் நின்றது. ஒரு குடும்பத்தை நிரந்தரமாகப் பிரித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியம்மா தொண்டையைச் செருமினார்.

"நாந்தான் இங்க வந்துட்டனே. அங்கிருந்து பாக்கறதுக்கு இப்ப ஆரு இருக்கறா? இறக்கச் சொல்லு புள்ள."

அக்கா ஏணியைக் காட்டினார்.

நான் மேலே ஏறிக் கயிற்றை அவிழ்த்தேன். என் பைக்குள் போன் டிங் என்றது, லிங்க் வந்துவிட்டது. கீழேயிருந்து அந்தப் பெண்ணின் குரல், "வந்துருச்சும்மா!" பூசணிக்காயைக் கீழே வைக்கப் போனேன். "தரையில வைக்காதீங்க!" என்று அக்கா கத்தினார். "ஊட்டுக்குள்ளயும் கொண்டாரக் கூடாது!" என்று பெரியம்மா கத்தினார். ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன விஷயம் இதுவாகத்தான் இருக்கும். ஆகவே இன்டர்வியூ முடியும்வரை, மாடிச் சுவரில் உட்கார்ந்து, அந்த மீசைக்காரனைக் குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து பார்த்தால் புழக்கடை தெரிந்தது. இரண்டு பெண்களும் சுவரோடு ஒட்டி நின்று ஜன்னல் வழியே காதைக் கொடுத்திருந்தார்கள். உள்ளே ஆங்கிலம். ஒன்றும் புரிந்திருக்காது. அவள் சிரிக்கிற சத்தம் கேட்டபோது மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது. கையில் பூசணிக்காய் இருந்ததால் துடைக்க முடியவில்லை.

முடிந்து அவள் வெளியே வந்ததும் பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். கல் உப்பும் வரமிளகாயும். "கிழக்க பாத்து நில்லு சாமி" என்று அவளை நிறுத்தி, தலையைச் சுற்றி எடுத்து, அடுப்பில் போட்டார். மிளகாய் வெடித்தும் நெடி வரவில்லை. "எவ்வளவு கண்ணு பாத்தியா!" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா தலையை ஆட்டினார். பூசணிக்காயை எங்கே உடைப்பது என்று அடுத்த பேச்சு வந்தது. ரோட்டில் உடைத்தால் டூரிஸ்ட் பைக் சறுக்கும். கடைசியில் இருவரும் உரிமை கொண்டாடும் பலாமரத்தடியில் உடைக்கச் சொன்னார்கள். உடைத்தேன்.

வேலை கிடைத்துவிட்டது. அவள் முதலில் சொன்னது அம்மாவிடம். அடுத்து, மாடியில் ஏறிப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்தி, பெரியம்மாவிடம்.

பிறகு ஒரு நாள் அக்காவே போன் செய்து என்னை வரச் சொன்னார். பாறையிலிருந்து பெரியம்மா வீட்டுக்குப் பார்வை இல்லை. ஆனால் அக்காவின் மாடியிலிருந்து நன்றாகவே இருக்கிறது. இது எனக்கு முன்பே தெரியும். அந்தப் பலாமரத்துக்குப் பயந்து நான் பேச்செடுக்கவில்லை. "எங்க ஊட்டுல இருந்து அக்காவுக்குக் குடுக்க முடியும்ங்களா?" என்று தன் ஓரகத்திக்காக அவர் கேட்டதும், அன்றைக்கே இன்னொரு தட்டைக் கொண்டுபோய் மாடியில் மாட்டினேன். அந்த முனையில் பெரியம்மா வீட்டு ஓட்டின்மேல் அதற்கு ஜோடி. இரண்டும் பள்ளத்தின் குறுக்கே ஒன்றையொன்று நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தன.

அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அங்கிருந்து பார்வை நேராப் படுதுங்களா?"

"படுதுங்கக்கா. இனி எந்நேரமும் பட்டுட்டே இருக்கும்."

"படட்டும்ங்க" என்றார்.