இல்லாத பன்னிரண்டு பிராணிகள்

எங்கள் வாரப் பத்திரிகை அலுவலகத்தில் அவரை எல்லோரும் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவோம். மெய்ப்புத் திருத்துவது அவர் வேலை. எந்த எழுத்தின் தலையிலாவது புள்ளி விடுபட்டிருந்தால் பக்கத்தைக் கையில் வாங்கும்போதே அது அவர் கண்ணில் பட்டுவிடும். பக்கம் வடிவமைக்கிற நான் பதினான்கு வருடமாக அவருக்கு அடுத்த மேஜை. இனி சொல்லப்போவதில் பாதி நானே பார்த்தது. மீதி, மதியம் சாப்பிடும்போது அவர் வாயால் கேட்டது.

மெய்ப்பு போதாதென்று இன்னொரு வேலையும் அக்கா தலையில் விழுந்திருந்தது. வீடியோ கேம் ஒன்று. காட்டிலும் குகையிலும் விதவிதமான பிராணிகளைத் தேடிப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விட்டு, எல்லா வகையையும் சேர்க்கிற ஆட்டம். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் புதுப்புதுப் பாகமாக வந்துகொண்டே இருக்கிறது. பிராணிகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அதைப் பற்றி வாரம் ஐந்து புதிர்க் கேள்விகள் எங்கள் கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் வரும். விடை மறுவாரம். அதை எழுதிக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட, அப்போதிருந்த எடிட்டர், "யாருக்காவது இந்த விளையாட்டு தெரியுமா?" என்று பொதுவாகக் கேட்டிருக்கிறார்.

"எங்க அண்ணனுக்குத் தெரியும்" என்று அக்கா வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன வாய்க்குப் பதினெட்டு வருட வேலை.

அந்த அண்ணன் அக்காவைவிட நான்கு வயது மூத்தவர். கல்லூரிக் கடைசி வருடப் பரீட்சையில் பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்தவர், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டாக்டர் பார்த்தார், மாத்திரை கொடுத்தார். அழுகை நின்றது, தூக்கம் வந்தது, ஆனால் மனிதர் வெளியே வரவில்லை. யாருக்கும் தொந்தரவு இல்லை. தன் துணியைத் தானே துவைப்பார், தட்டைக் கழுவி வைப்பார், மற்ற நேரமெல்லாம் அந்த ஆட்டம். அக்காவுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள், 'அண்ணனை யார் பார்த்துக்கறது' என்ற கேள்வியில் நின்றுபோயின. அக்கா அதைச் சொல்லும்போது வருத்தமாகச் சொல்லமாட்டார். பஸ் தவறிப்போனதைச் சொல்கிற மாதிரி சொல்வார்.

சனிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் நோட்டும் பேனாவுமாக அண்ணன் அறை வாசலில் போய் நிற்பார். உள்ளே உட்காரமாட்டார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பார். கதவு நிலையில் சாய்ந்து நிற்க, அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஐந்து கேள்வி சொல்வார். 'மோர்லிங் எத்தனையாவது நிலையில் இறக்கை முளைத்து டோரிகனாக மாறும்?' 'மூன்றாம் பாகத்தில் மழை நாளில் மட்டும் குளக்கரைக்கு வரும் பிராணி எது?' அக்கா எழுதிக்கொள்வார். டோரிகனா, தோரிகனா என்று மட்டும் கேட்டுக்கொள்வார். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அம்மா இறந்தபிறகு, அந்த வீட்டில் இரண்டு பேரும் வாரத்தில் பேசிக்கொள்வது அந்தப் பத்து நிமிடம்தான்.

"புரியாத பாஷையில யாரோ சொல்றதைக் கேட்டு எழுதற மாதிரிதான்" என்பார் என்னிடம். "எழுத்து மட்டும் சரியா இருக்கும். மத்தது ஆண்டவனுக்கு வெளிச்சம்."

போன வருடம் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். கோடு போட்ட தாளில் நான்கு பக்கம், நிதானமான கையெழுத்து. அவரும் பன்னிரண்டு வயது மகளும் எங்கள் புதிர்ப் பக்கத்தைக் கத்தரித்து ஒட்டிச் சேர்க்கிறார்கள். பழைய இதழ்களை நூலகத்தில் தேடி எடுத்துக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு விடையையும் ஆட்டத்துக்குள் போய்ச் சரிபார்த்திருக்கிறார்கள்.

'பதினொரு பிராணிகள் மட்டும் எங்களுக்கு எந்தப் பாகத்திலும் அகப்படவில்லை' என்று எழுதியிருந்தார். 'தேடத் தெரியாதது எங்கள் குறையாகத்தான் இருக்கும். கடைசியாக வந்த வெலுமாவை, இரண்டு மாதமாக ஐந்தாம் பாகத்தின் வடக்குக் குகையில் தேடுகிறோம். மதிய இடைவேளையில் லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே நான் தேடுகிறேன். மாலையில் மகள் தேடுகிறாள். எந்த இடம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.'

அக்கா அதை மூன்று தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். என்னக்கா என்றேன். கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததைத் திங்கட்கிழமை சொன்னார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

வழக்கம்போல வாசலில் நின்று, "அண்ணா, வெலுமான்னு ஒண்ணு சொன்னியே, அது எந்தப் பாகத்துல வருது?" என்று கேட்டிருக்கிறார்.

"எதுலயும் வராது."

"அப்படின்னா?"

"நானா சொன்னது."

அக்கா கடிதத்தைப் பிரித்து மற்ற பத்துப் பெயரையும் படித்தார். ஒவ்வொன்றுக்கும் அண்ணன் தலையை ஆட்டினார். படித்து முடித்ததும், "பன்னிரண்டு இருக்கணும், ஒண்ணை விட்டுட்டாங்க" என்றார். ஏழு வருடத்துக்கு முன்னால் சொன்ன பெயரை, அதன் கேள்வியோடு சொன்னார்.

"ஏன் இப்படிப் பண்ணே?"

அண்ணன் நாற்காலியைத் திருப்பினார். இத்தனை வருடத்தில் அக்காவைப் பார்த்து அவர் நாற்காலியைத் திருப்பியது அதுதான் முதல் தடவை.

"நீ கேக்கறியான்னு பார்த்தேன்."

"என்னத்தைக் கேக்கறது?"

"எதையாவது. அது எப்படி இருக்கும், என்ன நிறம், கடிக்குமா, ஏதாவது. நீ பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருந்தே. வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் எழுதினே, புள்ளியெல்லாம் சரியா வெச்சு."

அப்போதுதான் அக்காவுக்குக் கோபம் வந்தது. "எனக்கு நேரம் இருந்துதா? காலைல அஞ்சரைக்கு எழுந்து உனக்கும் எனக்கும் சமைச்சு வெச்சுட்டு, ரெண்டு பஸ் மாறிப் போய், நாள் பூரா அடுத்தவன் எழுதின தப்பைப் பார்த்துட்டு வரேன். அம்மாவைக் கடைசி நாலு வருஷம் தூக்கி உட்கார வெச்சது யாரு? இதுக்கு நடுவுல உன் பிராணி என்ன நிறம்னு வேற கேக்கணுமா?"

"கேக்க வேணாம்" என்று சொல்லி அண்ணன் திரும்பிக்கொண்டார். கதவை அக்காதான் சாத்தினார்.

"கத்தினது ஒரு நிமிஷம்கூட இருக்காது" என்றார் என்னிடம். "அதுக்குள்ள மூச்சு வாங்கிருச்சு. கோபப்படறதுக்கும் உடம்புல தெம்பு வேணும்போல."

அந்தப் பன்னிரண்டு கேள்விகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்திருக்கிறார். அண்ணன் மறைமுகமாக எதையோ சொல்ல வந்திருக்கிறார், நாம்தான் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று ஒரு பயம். ஒன்று கல் தின்னும். ஒன்று காற்றுக்கு எதிராக நடக்கும்போது மட்டும் விசில் அடிக்கும். ஒன்றுக்கு ஆறு கால், அதில் இரண்டு உபயோகமில்லை. வெலுமா ஈரத்தைக் கண்டால் நிறம் மாறும். நானும் பார்த்தேன். அதில் ஒரு ரகசியமும் இல்லை. வெறும் பிராணிகள்.

தாளை எடுத்துக்கொண்டு எடிட்டர் அறைக்குப் போனார். எடிட்டர் புதிதாக வந்தவர், அக்காவைவிட வயதில் ரொம்பச் சின்னவர். கதவு திறந்தே இருந்ததால் பேச்சு எனக்குக் கேட்டது.

"ஒரே ஒரு வாசகர்தானே மேடம் கண்டுபிடிச்சிருக்கார்? அவருக்குப் பதில் போட்டு முடிச்சிடுங்க."

"பன்னிரண்டு தப்பு சார். எல்லாம் அச்சுல போயிருக்கு."

"விளையாட்டுப் பிராணி மேடம். மருந்து பேரா மாத்திப் போட்டுட்டோம்?"

"இல்ல சார்." அக்கா நகரவில்லை.

"சரி, கடைசி ஒண்ணுக்கு மட்டும் திருத்தம் போடலாம்."

"பன்னிரண்டுக்கும் போடணும் சார்."

எடிட்டர் பேனாவை மூடி வைத்தார். "போடுங்க. ஆனா அதோட இந்தப் பக்கத்தை நிறுத்திக்கலாம். அந்த இடத்துல எண் கட்டப் புதிர் போட்டுடுவோம், வெளியில ரெடியா கிடைக்குது. அதுல யாரும் இல்லாத நம்பரை நுழைக்க முடியாது பாருங்க."

அக்கா சரி சார் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மெக்கானிக் கடிதத்தின் அடியில் தொலைபேசி எண் இருந்தது. பதில் எழுதினால் போதும் என்று நான் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. மதிய இடைவேளை பார்த்து, அலுவலக போனிலிருந்து கூப்பிட்டார். எதிர்முனையில் இரும்புச் சங்கிலி இழுபடுகிற சத்தத்தோடு குரல் பெரிதாக வந்ததால் எனக்கும் கேட்டது.

"சார், நீங்க தேடற வெலுமா கிடைக்காது. அப்படி ஒண்ணு இல்லவே இல்ல."

"இல்லையா? மத்தது?"

"அதுவும் இல்ல. மன்னிச்சுக்கோங்க."

"ரெண்டு மாசம்மா" என்றார் அவர். "என்ன அச்சுப் பிழையா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அக்கா உண்மையைச் சொன்னார். அண்ணன், அறை, பதினெட்டு வருடம், வாசலில் நின்று எழுதிக்கொண்டது, எல்லாம் நாலைந்து வாக்கியத்தில். ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்.

"பொண்ணுகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன்" என்றார் மெக்கானிக். போனை வைக்கப்போனவர், "உங்க அண்ணன் இப்ப நல்லா இருக்காரா?" என்று கேட்டார்.

"அப்படியேதான் இருக்கார் சார்" என்றார் அக்கா.

அந்த மனிதரிடமிருந்து பிறகு கடிதம் எதுவும் வரவில்லை. திருத்தம் மறுவாரம் வந்தது, கடைசிப் பக்கத்தின் மூலையில், பன்னிரண்டு பெயரோடு. நான்தான் அதை அடுக்கினேன். சின்ன எழுத்தில் போட்டும் இடம் பற்றவில்லை, ஒரு விளம்பரத்தைக் கொஞ்சம் ஒடுக்க வேண்டியிருந்தது.

பக்கம் நின்றதில் அக்காவுக்கு முதலில் நிம்மதிதான். தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருக்கிறது என்றார். அந்தச் சனிக்கிழமை மதியம் படுத்துத் தூங்கினார். அடுத்த சனிக்கிழமையும் படுத்தார், தூக்கம் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை பரண்மேல் கிடந்த பழைய பாத்திரங்களை எல்லாம் இறக்கித் தேய்த்திருக்கிறார். அண்ணனிடம் பக்கம் நின்ற விஷயத்தைச் சொல்லவே இல்லை. சொல்லக் கூடாதென்று இல்லை. அவர் அறைக்குப் போக ஒரு காரணம் இல்லை, போகாமல் சொல்லவும் வழி இல்லை.

நான்காவது சனிக்கிழமை, அக்கா அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினால் அண்ணன். சாப்பாட்டு நேரம் தவிர அவர் சமையலறைப் பக்கம் வருவதே கிடையாது.

"இந்த வாரம் கேள்வி வேணாமா?"

"பக்கத்தை நிறுத்திட்டாங்கண்ணா."

"எப்ப?"

"ஒரு மாசம் ஆச்சு."

"என்னாலயா?"

அக்காவுக்குப் பொய் சொல்லவும் தெம்பில்லை. "ஆமாம்" என்றார்.

அண்ணன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். அவர் முதுகு கூனிப்போயிருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தாராம் அக்கா. நாற்பத்தெட்டு வயது ஆளின் முதுகு மாதிரியே இல்லை. கையிலிருந்த துணியை அலசிப் பிழிந்து போட்டுவிட்டு, பின்னாலேயே போனார். வாசலில் நிற்கவில்லை. உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒண்ணு குடு. எப்படி ஆடறதுன்னு காட்டு."

"உனக்கு வராது."

"வரலைன்னா போகுது."

அண்ணன் மேஜை இழுப்பறையிலிருந்து கையகலக் கருவி ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். முதல் பாகம். எழுத்து பொடிப்பொடியாக இருந்தது, அக்கா மூக்குக் கண்ணாடியை எடுத்து வரப் போனார். திரும்பி வந்து, தொடங்கும்போது தருகிற மூன்று பிராணிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். "அதை எடுக்காதே, அது மந்தம்" என்றார் அண்ணன். "இருக்கட்டும், பாவமா இருக்கு." புல்வெளியில் நாலு அடி வைப்பதற்குள் ஏதோ ஒரு எலிக்குட்டியிடம் தோற்றார். அண்ணனுக்குப் பொறுமை இல்லை. அந்தப் பொத்தான் இல்லை, இது, ஐயோ, இது என்று அவர் கையை நீட்டிக்கொண்டே இருக்க, அக்காவுக்கு எரிச்சல் வந்து, "நீயே ஆடிக்கோ" என்று கொடுத்துவிடப் பார்த்தார். பிறகு மறுபடி வாங்கிக்கொண்டார். முக்கால் மணி நேரத்தில் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார். விழித்தபோது கருவி மேஜைமேல் இருந்தது. அதுவரை ஆடியதை அண்ணன் சேமித்து வைத்திருந்தார்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. சனிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் ஆடுகிறார். இன்னும் முதல் ஊரையே தாண்டவில்லை. அண்ணன் வெளியே வந்துவிடவில்லை, அறையில்தான் இருக்கிறார். சில சனிக்கிழமைகளில் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். பல சனிக்கிழமைகளில் அதுவும் இல்லை.

"அந்த ஆட்டம் பிடிச்சுப் போச்சாக்கா?" என்று போன வாரம் கேட்டேன்.

"பிடிக்கல" என்றார் உடனே. சோற்றைப் பிசைந்துகொண்டே கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கேன்ல. அந்த வீட்டுல நான் உட்கார்றதே அப்பதான்."