சுண்ணாம்புக் கோடு

ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியின் இரைச்சல் எந்தத் தெருவில் கேட்டாலும் என் நகக்கண்களில் செம்மண் ஏறிவிடுகிறது. கழுவினால் போகாத மண்.

எண்பதுகளில், மழை பொய்த்த இரண்டாவது கோடை. பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர்க் கிணறுகள் எல்லாம் பாறையைக் காட்டிக்கொண்டு கிடந்தன. நீரோட்டம் பார்க்க வந்தவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து வாசலெல்லாம் நடந்தார். தேங்காய் விருட்டென்று எழுந்து நின்றது அக்காவின் நந்தியாவட்டைக்கு அருகில். எட்டு வருடச் செடி. ஞாயிறுதோறும் கோயில் பீடத்துக்கு அதன் பூதான்.

"வெட்டிப் போட்டுரச் சொல்லு" என்றார் அப்பா, அம்மாவிடம். அக்காவிடம் அவர் பேசுவதில்லை. கன்னியர் மடத்தில் சேரப்போகிறேன் என்று தவக்காலத் தொடக்கத்தில் அவள் சொன்னாள். நாற்பது நாள் கடந்து உயிர்ப்பு ஞாயிறும் போய்விட்டது. அவர் வாய் திறக்கவில்லை.

அவள் புறப்படும் நாளும் வண்டி வரும் நாளும் ஒன்றாகிப்போயின. பதினொரு மணிக்கு பஸ். செடியை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட, விடிந்ததிலிருந்து நாங்கள் இருவரும் தோண்டினோம். கிளைகளைக் கழித்துவிட்டு, தண்டின் கிழக்குப் பக்கத்தில் அவள் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தாள்.

"கெழக்க பாத்தது கெழக்கயே பாக்கணும்டி. மாத்தி வெச்சா செடி கோவிச்சுக்கும்."

"அப்பாவாட்டமா?"

அவள் சிரிக்கவில்லை. "ஒரு வார்த்த பேசாம அனுப்பிருவாரா? நான் எப்பிடிடி பஸ் ஏறுவேன்?"

மண் உதிராமல் வேரைச் சுற்றி ஈரச்சாக்கைக் கட்டும்போதே வண்டி வந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால். அவசரத்தில் சாக்கைத் தண்டு வரைக்கும் இழுத்துக் கயிற்றால் இறுக்கினேன். பழைய கதவுப் பலகையில் ஏற்றி, துணி துவைக்கும் கல்லருகே வெட்டிய குழிக்கு இழுத்துப்போனோம். இறக்கினோம். சாக்கை உருவினோம்.

கோடு இல்லை. ஈரம் துடைத்து எடுத்திருந்தது. தண்டைச் சுற்றிலும் வெள்ளையாய் ஒரு தீற்றல், அவ்வளவுதான்.

"எதுடி கெழக்கு?"

"எனக்கென்ன தெரியும்!"

"நீதானே கட்டுன!"

வண்டிக்காரர் கத்தினார். "ஏம்மா, கல்யாணப் பொண்ணாட்டம் எத்தன நேரம் சோடிப்பீங்க? அடுத்த ஊர்ல காத்துக் கெடக்கறாங்க!"

கல்யாணப் பொண்ணு. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.  அக்கா செடியை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். வேரிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது. இன்னொரு முறை திருப்பினால் மிச்சமும் போய்விடும்.

வண்டியருகே நின்ற அப்பா நடந்து வந்தார். குழிக்குள் மண்டியிட்டார். தண்டில் முழங்கால் உயரத்தில் ஒரு தழும்பு; அவள் எத்தனையோ சண்டை போட்டும் கேட்காமல் அவர் எருமைக் கன்றைக் கட்டிவைத்த கயிறு அறுத்தது. அதை விரலால் தேடிப் பிடித்தார். அந்தத் தழும்பு வீட்டைப் பார்த்தபடி இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும். வேர்மண்ணை இரண்டு கையாலும் அணைத்து, ஒரே திருப்பு. மண்ணைத் தள்ளி மிதித்தார்.  அக்கா, குளிக்க எடுத்துவைத்திருந்த தண்ணீரை அப்படியே ஊற்றினாள். எங்களுக்கு அன்றைக்கு இருந்தது அதுதான்.

துளையிடும் சத்தம் ஊரையே மூடியது. குளிக்காமல், நகத்தில் மண்ணோடு அவள் புறப்பட்டாள். டிரங்குப் பெட்டியை அப்பாவே தூக்கிவந்தார். பஸ் வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு இறங்கி, சன்னலுக்குக் கீழே டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

"அப்பா" என்றாள் அக்கா.

அவர் நிமிர்ந்தார்.

"தெனம் ஒரு கொடம் நான் ஊத்தறேன். நீ போயிட்டு வா, சாமி."