அக்கா கொடுத்த பொடி

இஸ்திரி போட்ட சூட்டோடு தண்ணீரில் கை வைத்தால் வாதம் வரும் என்று எங்கள் பக்கத்தில் சொல்லாத ஆள் கிடையாது. என் கை வீங்க ஆரம்பித்ததும் ஆளாளுக்கு அதையே சொன்னார்கள். மாமியார் சொன்னார், எதிர் வீட்டுக்காரி சொன்னாள், சேலை கொண்டுவந்து கொடுக்கிற கல்யாணப் பெண்களின் அம்மாக்களும் சொன்னார்கள். நானும் அதை நம்பி, வேலை முடிந்ததும் கை கழுவாமல் ரொம்ப நேரம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். வயிறு கிள்ளும். ஸ்பூனை எடுத்துத் தயிர் சாதம் சாப்பிடுவேன். அந்த ஸ்பூனையும் சரியாகப் பிடிக்க முடியாது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் சேலைக்கு மடிப்பு எடுத்துக் கொடுக்கிறேன். முகூர்த்த நேரத்தில் பெண்ணுக்கு நின்று நிதானமாகக் கொசுவம் வைக்க நேரம் இருக்காது. அதனால் பட்டுச்சேலையை முன்கூட்டியே வாங்கி, கொசுவமும் முந்தானை மடிப்பும் எடுத்து, இஸ்திரி போட்டு, கிளிப் குத்தி, பெட்டியில் வைக்கிற மாதிரி மடித்துக் கொடுத்துவிடுவேன். ‘ப்ரீ-ப்ளீட்டிங்’ என்று வாசலில் போர்டு இருக்கிறது. மிஷினெல்லாம் இதற்குக் கிடையாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். மடிப்பைக் கிள்ளிப் பிடித்த பிடி அசையக் கூடாது. அசைந்தால் கரை கோணிக்கொள்ளும். கை போனால் எனக்கு எல்லாம் போச்சு. அதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் வலது மணிக்கட்டு. பிறகு இடது. பிறகு விரல் முட்டிகள், இரண்டு கையிலும் ஒரே மாதிரி. காலையில் எழுந்தால் கை மரத்துண்டு மாதிரி கிடக்கும். பேஸ்ட்டைப் பிதுக்க முடியாது, குழாயைத் திருக முடியாது, ஜாக்கெட் ஊக்கு போட வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும். மனுஷன் ஊக்கை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, “இது என்னம்மா இவ்ளோ கஷ்டமா இருக்கு” என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். பத்து பத்தரை மணிக்கு மேல்தான் விரல் கொஞ்சம் வளையும். தெருமுனை டாக்டரிடம் போனோம். வேலைப்பளு என்றார், தடவ ஜெல்லும் மணிக்கட்டுக்குப் பட்டையும் கொடுத்தார். ஒரு வாரம் ஓய்வு எடுக்கச் சொன்னார். தை மாதத்தில் ஓய்வாம்! ஆனாலும் எடுத்தேன். ஓய்வெடுத்தால் இன்னும் இறுகிப்போனது.

அப்போதுதான் அக்கா வந்தாள்.

கூடப் பிறந்தவள் இல்லை. எங்கள் சபையில் புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவள், சேலையூரில் வீடு, ஸ்கூல் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள். கூடப் பிறந்தவளாகத்தான் நினைத்தேன். என் பிரசவத்தின்போது ராத்திரி பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவளை வேறு எப்படி நினைப்பது? அவளுக்கும் ஒரு காலத்தில் இதே கை வலி. சாக்பீஸ் பிடிக்க முடியாமல் லீவு போட்டதை சபையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இப்போது அந்தக் கையால் ஆர்மோனியம் வாசிக்கிறாள்.

“என் தம்பி ஊரப்பாக்கம் தாண்டி வைத்தியம் பாக்குறான்ல, அவன் கொடுத்த பொடிதான்” என்றாள். “வெறும் மூலிகை. காலைல மோர்ல கலக்கிக் குடி. இங்கிலீஷ் மருந்தெல்லாம் ஈரலைத் தின்னுடும். என் கையப் பாரு.”

பார்த்தேன். விரல்களை நீட்டினாள், மடக்கினாள், என் முகத்துக்கு நேராகச் சொடக்குப் போட்டுக் காட்டினாள். அதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

சும்மா சொல்லக் கூடாது, பொடி வேலை செய்தது. இரண்டு மூன்று நாளில் வலி இருந்த இடம் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் குழாயைத் திருகினேன், மூடினேன், மறுபடி திருகினேன். வீட்டுக்காரர் பாத்ரூம் வாசலில் வந்து நின்று, “தண்ணி வருதா இல்லையா?” என்று கேட்டார். “கை வருதுங்க” என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மாசிக்குள் விட்ட ஆர்டரையெல்லாம் திரும்பப் பிடித்தேன்.

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. சுகம் கிடைத்தவர்கள் ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைத்தால் வந்த சுகம் வந்த வழியே போய்விடும் என்று ஒரு பயமும் உண்டு. நான் நாலு பேர் முன்னால் பேசுகிற ஆள் இல்லை. அக்கா விடவில்லை. “வாங்கத் தெரிஞ்ச உனக்கு வாயத் திறக்கத் தெரியாதா?” என்று கிண்டல் பண்ணியே ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை எழுப்பி விட்டாள். மைக்கைப் பிடித்து, கை நீட்டிக் காட்டி, ஆண்டவரையும் சொன்னேன், அக்காவையும் சொன்னேன், பொடியையும் சொன்னேன். ஸ்தோத்திரம் என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னது அக்காதான். ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுவில் முட்டி வலிக்காரர் ஒருவரும், சர்ச் வாசலில் பைபிள் விற்கிற அம்மாவும் அவளிடம் பொடிக்குச் சொல்லி வைத்தார்கள்.

போகப் போக எனக்குக் கன்னத்தில் சதை போட்டது. சாதாரணமாக இல்லை, முகமே வட்டமாகிவிட்டது. பசியென்றால் அப்படி ஒரு பசி. சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த வேளை ஞாபகம் வரும். சபையில் எல்லோரும், “முகத்துல ஆசீர்வாதம் தெரியுது பாரு!” என்றார்கள். எனக்கும் பெருமைதான். வளையல் இடித்தால்கூட நீலமாகக் கன்றிப்போவதை மட்டும் ஏன் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை சுற்றுகிறதே என்று ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. அக்காவிடம் கேட்டேன். “வயசாகுதில்ல, வரும். பொடிய மட்டும் விட்டுடாத” என்றாள்.

ஐப்பசி மழையில் அக்காவின் தம்பி எங்கேயோ வெளியூர் போய்விட்டான். பொடி தீர்ந்தது. நாலைந்து நாளில் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. மயக்கம், வாந்தி, காய்ச்சல். கை இரண்டும் முன்னைவிட இரட்டிப்பாக வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போனது. வீட்டுக்காரர் யாரையும் கேட்கவில்லை. வாத நோய்க்கென்றே பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் தாம்பரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த டாக்டர் என் கையைப் பார்ப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தார். “என்ன பொடி சாப்பிட்டீங்க?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்து, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். பிறகு நிதானமாகச் சொன்னார். இஸ்திரியும் காரணமில்லை, தண்ணீரும் காரணமில்லை. உடம்பில் நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது; முடக்குவாதம். இரண்டு கையிலும் ஒன்றுபோல வருவதும், காலையில் மணிக்கணக்காக இறுகிக்கிடப்பதும் அதன் குணம். வேலையால் வருகிற வலி ஓய்வெடுத்தால் குறையும், இது ஓய்வில்தான் இறுகும். ஆரம்பத்திலேயே பிடித்தால் மாத்திரையில் அடக்கி வைக்கலாம், மூட்டு கெடாது.

“பொடியப் பரிசோதிக்காம அடிச்சுச் சொல்ல மாட்டேன்” என்றார். “ஆனா இந்த முகம், சர்க்கரை, நீலத் திட்டு, நிறுத்தினதும் படுத்துட்டது, எல்லாத்தையும் பாத்தா ஸ்டீராய்டு கலந்திருக்காங்கன்னுதான் நினைக்கிறேன். அது வலிய மறைச்சுடுச்சும்மா. உள்ள நோய் பாட்டுக்கு எலும்பைத் தின்னுக்கிட்டு இருந்திருக்கு.” எக்ஸ்ரேயில் என் வலது மணிக்கட்டைக் காட்டினார். ஓரமெல்லாம் அரித்திருந்தது. “இது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். முதல்லயே வந்திருந்தா இந்தக் கையையும் காப்பாத்தியிருப்பேன்.”

வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற மாத்திரை எழுதினார். அதைத் தினமும் போட்டால் ஆபத்து என்று வட்டம் போட்டுக் காட்டினார். ஸ்டீராய்டை அவரே கணக்காகக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பாராம். இத்தனை நாள் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாம். உங்களுக்கு நடந்தது அதுதான் என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு என் கை ஞாபகமே இல்லை. ஐயோ, அக்கா! அவளும் இதைத்தானே வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறாள்! அவளுக்கும் பொடி தீர்ந்திருக்குமே! வயசானவள், தனியாக வேறு இருக்கிறாள், விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது? போன் போட்டால் எடுக்கவில்லை. டிஸ்சார்ஜ் ஆன கையோடு, வீட்டுக்குப் போகலாம் என்ற வீட்டுக்காரரை அதட்டி, ஆட்டோவைச் சேலையூருக்குத் திருப்பச் சொன்னேன். போகிற வழியிலேயே பாடகர் குழுக்காரருக்கும் பைபிள் விற்கிற அம்மாவுக்கும் போன் போட்டு, பொடியில் ஸ்டீராய்டு இருக்கும்போலிருக்கிறது, நீங்களாக நிறுத்தாதீர்கள், உடனே டாக்டரிடம் ஓடுங்கள் என்று சொன்னேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சு?” என்று கேட்டார். “எங்க அக்காவுக்குங்க, சீக்கிரம் போங்க” என்றேன்.

அக்கா வீட்டில் நன்றாகத்தான் இருந்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரரை ஆட்டோவிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போய், மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். ஸ்டீராய்டு, எலும்பு, மயக்கம், திடீரென்று நிறுத்தக் கூடாது. “நீங்களும் இப்பவே என் கூட வாங்கக்கா, அந்த டாக்டர் நல்ல டாக்டர். ஆட்டோ வெளியதான் நிக்குது.”

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. “எனக்கு ஒண்ணும் ஆகாது” என்றாள்.

“ஆகும்க்கா! உங்களுக்குப் புரியல. என்னைவிட நீங்கதான் ரொம்ப நாளா சாப்பிடறீங்க.”

“நான் எங்க அதைச் சாப்பிட்டேன்?” என்றாள், சலித்துக்கொண்டு. “எனக்கு வாரத்துக்கு ஒரு தடவை போடுற மாத்திரை. டவுன்ல ஒரு டாக்டர் எழுதிக் குடுத்தாரு. ரிட்டையர் ஆகுறதுக்கு முன்னாடியிலிருந்தே போடுறேன்.”

அவள் சொன்னது விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. மோரில் கலக்கிக் குடி என்றவள், இங்கிலீஷ் மருந்து ஈரலைத் தின்னும் என்றவள், என் மூக்குக்கு நேராகச் சொடக்குப் போட்டவள்! அந்தக் கையைச் சரியாக்கிய மருந்து எது என்று தெரிந்துகொண்டே எனக்கு வேறொன்றைக் கொடுத்திருக்கிறாள். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அறுபடும்போது வலிகூடத் தெரியாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

“பொடியில என்ன இருக்குன்னு தெரியுமாக்கா?”

“தம்பி ஏதோ மாத்திரையும் சேத்து அரைப்பான். எல்லாரும் பண்றதுதான். அவனுக்கும் பொழப்பு ஓடணும்ல? உனக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? நல்லா இருக்கறவகிட்ட போய் என்னத்தச் சொல்றது?”

“என் கை போச்சுக்கா” என்றேன்.

அப்போதுதான் கத்தியை வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது, வெங்காயமா வேறெதுவுமா, தெரியாது. “நடந்தது நடந்துபோச்சு. நான் உனக்காக உபவாசம் இருந்து ஜெபிக்கிறேன். சபையில மட்டும் சொல்லிடாதம்மா. பாஸ்டர் ஐயா காதுக்குப் போனா நான் அங்க தலை காட்ட முடியாது.”

“வர்ற வழியிலேயே சொல்லிட்டேன்” என்றேன்.

அவள் முகம் மாறியது. கை மட்டும் என் கையை விடவில்லை. பிடி இன்னும் இறுகியது. வருஷக்கணக்காகச் சரியான மருந்து சாப்பிட்ட கை அல்லவா, நல்ல பலம். உருவிக்கொள்ளப் பார்த்தேன். மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை.

“வலிக்குது” என்றேன். “விடு.”