ஏழு பேருக்கு ஒரு வண்டி

உட்காருவதற்கென்று மனிதன் கண்டுபிடித்த எல்லாமே எங்கள் பட்டறைக்குப் பழுதாகி வரும். பல் டாக்டரின் நாற்காலி, தியேட்டர் சீட், பஸ் சீட், சலூனில் சுற்றும் நாற்காலி. நான் ஸ்பாஞ்ச் வெட்டுகிறேன், அக்கா உறை தைக்கிறார். கூடப் பிறந்த அக்கா இல்லை. பதினொரு வருடமாக அடுத்தடுத்த மேசை, அந்த உறவுதான். என்னைவிட மூன்று வயது மூத்தவர். தலை நரைத்ததில் மட்டும் நான் முந்திக்கொண்டேன்.

அக்கா அதிகம் பேசமாட்டார். எப்போதும் வாயில் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பார், பேசினால் விழுந்துவிடும். அவர் வீட்டில் அப்போது ஐந்து பேர்: அவர், கண்ணாடித் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் வீட்டுக்காரர், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், நாலாம் வகுப்பு மகன், இடுப்பில் ஆபரேஷன் ஆகி வாக்கர் பிடித்து நடக்கும் மாமனார். கார் சின்னதுதான் என்றாலும் ஐந்து பேர் உட்காரலாம்.

நாற்பதாவது வயதில் அக்கா மறுபடியும் உண்டானார். ஸ்கேன் எடுத்த மறுநாள் வேலைக்கு வந்தவர், குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, ரெட்டை" என்றார்.

"எந்த பஸ்ஸுக்கு?" என்றேன்.

"பஸ்ஸுக்கு இல்லைடா. எனக்கு."

இரட்டைக் குழந்தைகள் பிறந்தன, இரண்டும் பெண். வீடே கலகலப்பானது. ஆனால் கார் அன்றோடு சின்னதாகிவிட்டது. பின்சீட்டில் இரண்டு குழந்தை சீட்டுகளை மாட்டியபின் நடுவில் மிஞ்சிய இடத்தில் ஒரு ரொட்டிப் பாக்கெட் வைக்கலாம், ஆளை வைக்க முடியாது. கைக்குழந்தைகள் அம்மா இல்லாமல் எங்கும் போகா. அக்கா ஓட்டுவார், பக்கத்தில் ஒரே ஒருவர் உட்காரலாம். மற்றவர்கள் வீட்டில்.

அந்த ஒருவர் யார் என்று சண்டை வராமலிருக்கச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பெயர்களை எழுதி மடித்துத் தருவது தாத்தாவின் வேலை. தபால் பிரிக்கும் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பையன் ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்குவான். எட்டு மாதத்தில் பையன் பெயர் வந்தது, பெரிய மகள் பெயர் வந்தது, ஷிப்ட் இல்லாத நாளில் அப்பா பெயரும் வந்தது. தாத்தா பெயர் மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை.

பெரிய பெண்ணுக்குக் கணக்கில் புத்தி ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குலுக்கி முடித்ததும், டம்ளரில் மீதி இருந்த சீட்டுகளையும் பிரித்துப் பார்த்துவிட்டாள். மொத்தமே மூன்று சீட்டு.

"தாத்தா, உங்க பேரு எங்க?"

"எனக்கு வெளியில போய் என்னம்மா ஆகணும்? வீட்டுல ஒரு ஆள் வேணாமா?" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை எடுத்துக்கொண்டாராம். அதை அவர் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று பையன் பின்னால் சொன்னான்.

அக்கா அன்றைக்கு வெளியே போகவே இல்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன் என்று என்னிடம் சொன்னார். மறுநாள் மதிய இடைவேளையில், அளவு வெட்டும் பழுப்புத் தாளை ஒரு முழம் கிழித்து என் மேசையில் விரித்தார்.

"தம்பி, ஏழு பேர் உக்கார்ற வண்டி வாங்கப் போறோம். எது கட்டுபடியாகும்னு பாக்கணும்."

சாக்கட்டியால் கட்டம் போட்டார். விலை, மாதத் தவணை, இன்சூரன்ஸ், பெட்ரோல் செலவு, டயர், சர்வீஸ். கடைசிக் கட்டத்துக்கு "மாமா கால்" என்று தலைப்பு. முந்தின இரவே மாமனாரைக் குளியலறைப் படியில் ஏறச் சொல்லி, டேப் வைத்து அளந்திருக்கிறார். பதினாலு இன்ச்சுக்கு மேல் அவரால் காலைத் தூக்க முடியாது.

முதலில் புது வண்டி பார்க்க ஷோரூமுக்குப் போனார்கள், தாத்தாவையும் பெரிய பிள்ளைகள் இருவரையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு. அக்காவும் வீட்டுக்காரரும் ஆளுக்கொன்றாகக் குழந்தை சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு நுழைந்ததைப் பார்த்து, விற்பனை செய்பவர் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். வண்டி என்னவோ அழகுதான். ஏறும் படியும் தாழ்வு. ஆனால் மூன்றாம் வரிசை சீட்டை நிமிர்த்திவிட்டால் பின்னால் ஒரு பால் பாட்டில்தான் வைக்கலாம். இரட்டைத் தள்ளுவண்டியோ வாக்கரோ உள்ளே போகவில்லை.

"மேல கேரியர் போட்டுக்கலாம் மேடம்."

"யாரை மேல உக்கார வைக்கறது?" என்றார் அக்கா.

தவணை ஆறு வருடம். மாதம் கட்டவேண்டியதைக் கேட்டதும் வீட்டுக்காரர் விலைத் தாளைத் திருப்பி வைத்தார். அக்காவின் சம்பளத்தில் பஸ் பாஸுக்கு மட்டும்தான் மிஞ்சும். பழுப்புத் தாளில் அந்த வண்டியின் பெயர்மேல் ஒரு கோடு விழுந்தது.

இரண்டாவது, பழைய வண்டிகள் விற்கும் ஒரு யார்டில் நின்ற வெள்ளை வேன். பக்கத்துக் கதவு தள்ளித் திறப்பது, பின்னால் தாராளமான இடம். மீட்டரில் முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான் காட்டியது. விலை புதியதில் பாதி. வீட்டுக்காரருக்குக் கண்டதும் பிடித்துவிட்டது. சனிக்கிழமை அட்வான்ஸ் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தார். பட்டறைக்கு வந்து அக்கா கட்டங்களை நிரப்பினார். எல்லாக் கட்டத்திலும் அந்த வேனுக்குத்தான் நல்ல எண்.

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றேன்.

"தெரியலடா. வண்டியைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரருக்குப் பகல் ஷிப்ட். தள்ளுவண்டி உள்ளே போகிறதா என்று கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அக்கா என்னைத் துணைக்குக் கூட்டிப்போனார். யார்டுக்காரர் மெல்லிய மீசையும் பளபளக்கும் ஷூவுமாக, கதவைத் தள்ளித் திறந்து காட்டினார். தள்ளுவண்டி போனது. எல்லாம் சரி. அக்கா ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அசையவில்லை.

பிறகு இறங்கி, சீட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். நடு வரிசைக்குப் போய் அழுத்தினார். மூன்றாம் வரிசையிலும் அழுத்தினார். மண்டியிட்டு சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி எடுத்தார். விரல் நுனியில் மஞ்சள் தூள். என்னிடம் நீட்டினார்.

எனக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தத் தூளில்தான் நான் நாள் முழுக்கத் தும்முகிறேன். ஸ்பாஞ்ச் வருடக்கணக்கில் அமுங்கி உதிர்ந்தால்தான் அப்படி மஞ்சள் மாவாகும். மேலே இருந்த உறையோ புத்தம் புதிது. தையல் கம்பெனித் தையல் இல்லை, எங்களை மாதிரி யாரோ தைத்தது. கம்பெனியில் போடும் இரும்பு வளையங்களுக்குப் பதிலாக பிளாஸ்டிக் பட்டை போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கா?" என்றார் அக்கா.

"ஆமா மேடம், மீட்டர்லயே இருக்கே."

"அப்ப சீட்டு ஏன் இப்படி உக்காந்து போயிருக்கு?"

யார்டுக்காரர் சிரித்தார். "முந்தின ஓனர் கொஞ்சம் கனமான ஆளு மேடம்."

"ஏழு சீட்டுலயுமா உக்காந்தாரு?"

நான் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டேன். யார்டுக்காரரின் சிரிப்பு காணாமல் போயிருந்தது. "சீட்டைப் பாத்தா வண்டி வாங்குவாங்க? என்ஜினைப் பாருங்க மேடம்" என்றார். "சரி, எங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து பாக்கறோம்" என்றார் அக்கா. வெளியாளைத் தொடவிட மாட்டோம், வேண்டுமானால் வாங்குங்கள், இல்லாவிட்டால் விடுங்கள் என்று யார்டுக்காரரின் குரல் மாறியது. அக்கா தள்ளுவண்டியை மடித்து எடுத்துக்கொண்டு, "விட்டுட்டோம்" என்றார்.

தெருமுனை வரைக்கும் வேகமாக நடந்தார். அங்கே ஒரு சுவரில் சாய்ந்து நின்றார். கைப்பையைத் திறந்து அட்வான்ஸ் கவரைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி மூடினார்.

"நாளைக்கு இந்நேரம் இது அவன் கையில இருந்திருக்கும், தம்பி."

"போகலையே அக்கா."

"ஆமா, போகல" என்றார். அடக்கமாட்டாமல் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

மீட்டரைத் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்பதை வீட்டுக்காரர் முதலில் நம்பவில்லையாம். மஞ்சள் தூளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார் அக்கா. மனிதர் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "இனிமே நீ சொல்ற வண்டி" என்று மட்டும் சொன்னாராம்.

மூன்றாவது வண்டி பையனின் நீச்சல் பயிற்சிக்குப் போன இடத்தில், அறிவிப்புப் பலகையில் கிடைத்தது. "ஏழு சீட் வேன் விற்பனைக்கு. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர். சீட் மோசம்." விற்பவர் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மாள். ஊருக்குப் போகிறவர்களின் நாய்களை ஏற்றிக்கொண்டு வந்து, குளிப்பாட்டி, உலாவவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விடுவதுதான் அவர் தொழில். கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வந்த வாசனையில் வீட்டுக்காரர் இரண்டடி பின்னால் போனார்.

"என்னம்மா இது, நாய்ங்க சாப்பிட்டுருச்சா?"

"நடு வரிசையை ஒண்ணு சாப்பிட்டுச்சுங்க. பின் வரிசையை ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம்" என்று அந்த அம்மாள் கொஞ்சமும் மறைக்காமல் சொன்னார். "நாலு மாசமா வந்து பாக்கறாங்க, மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிடறாங்க."

கையில் ஒரு தடித்த ஃபைல் வைத்திருந்தார். எண்ணெய் மாற்றிய தேதி, பிரேக் மாற்றிய தேதி, ஒவ்வொரு பில்லும் வரிசையாக. எங்கள் பட்டறைக்கு பஸ் சீட் கொண்டுவரும் மெக்கானிக் ஒருவர் வந்து என்ஜினை ஓடவிட்டுக் கேட்டார், அடியில் படுத்துப் பார்த்தார். "என்ஜின்ல டைமிங் பெல்ட் மாத்தணும். முன் டயர் ரெண்டும் மாத்தணும். மத்தபடி உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்காங்க" என்றார். அக்கா டேப்பை எடுத்துத் தரையிலிருந்து படி வரைக்கும் அளந்தார். பதின்மூன்றரை.

பழுப்புத் தாளில் பெல்ட்டையும் டயரையும் சேர்த்தே கூட்டினார். அந்த யார்டு வேனின் விலையில் பாதியைக்கூடத் தொடவில்லை. வங்கிக்கே போகத் தேவையில்லை, கையிருப்பும் சின்னக் காரை விற்கும் பணமும் போதும். அந்த வண்டியை எல்லோரும் ஒதுக்கியது சீட்டுக்காக. உலகத்திலேயே அக்காவுக்குச் செலவு வைக்காத ஒரே ரிப்பேர் அதுதான்.

"சீட்டுக்காக எவ்வளவு விலை குறைச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சுதான் குறைச்சீங்களா?" என்று அக்கா அந்த அம்மாளிடமே கேட்டார். தான் சீட் உறை தைக்கிறவள் என்பதையும் சொன்னார். அந்த அம்மாள் யோசித்துவிட்டு, "வாங்கற ஆளு கிடைச்சாங்களேன்னு என் வயித்துல பால் வார்த்திருக்கீங்க. எடுத்துட்டுப் போங்க" என்றார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பட்டறையைத் திறந்து வைத்துக்கொண்டோம். முதலாளி சாவியைக் கொடுத்ததோடு, மிச்சத் துணியை எடுத்துக்கொள்ளவும் சொன்னார். நான் ஏழு சீட்டுக்கும் புது ஸ்பாஞ்ச் வெட்டினேன். மிச்சம் என்பதால் ஒரே நிறத்தில் கிடைக்கவில்லை. முன் வரிசைக்கு தியேட்டரின் சிவப்பு, நடுவுக்கு பல் டாக்டரின் பச்சை, பின்னுக்கு பஸ்ஸின் நீலம். வீட்டுக்காரர் இரண்டு நாளும் உள்ளே சோப்புப் போட்டுத் தேய்த்தார். அவர் தேய்த்த வேகத்தில் வாசனையும் போனது, அங்கங்கே பெயின்ட்டும் போனது.

அடுத்த ஞாயிறு காலை, தாத்தா சட்டையை இஸ்திரி போட்டுத் தயாராகி, கூப்பிடுவதற்கு முன்பே வாசலில் நின்றாராம். கதவோரக் கம்பியைப் பிடித்தார், வலது காலைத் தூக்கி வைத்தார், உள்ளே போய் நடு வரிசையில் உட்கார்ந்தார். யாரும் கை கொடுக்கவில்லை, யாரும் கை கொடுக்க அவர் விடவும் இல்லை. அவர் பக்கத்தில் இரட்டையர், பின்னால் பெரிய பிள்ளைகள் இருவர். ஏரிக்கரை வரைக்கும் போனார்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரும் அதிசயமாய் வெளியே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். பிறகு ஜன்னலுக்கும் பாட்டுக்கும் சண்டை தொடங்கியது. அதில் அதிகம் சத்தம் போட்டது தாத்தாதான்.

"வீட்டைப் பூட்டிட்டுப் போனோம் தம்பி" என்றார் அக்கா திங்கட்கிழமை. "பூட்டு எங்க இருக்குன்னே ஒருத்தருக்கும் தெரியல. எவ்வளவு நேரம் தேடினோம் தெரியுமா?"

இரண்டு வருடம் ஆகிறது. ஒரு தடவை பேட்டரி மாற்றினார்கள், ஒரு மழையில் பின்கதவு ஒழுகியது. வேறு பெரிதாக ஒன்றும் கையைக் கடிக்கவில்லை. இந்த வாரக் கடைசியில் தாத்தாவின் தம்பி வீட்டுக்குப் போகிறார்கள், ஆறு மணி நேரப் பயணம். அண்ணனும் தம்பியும் பார்த்து ஐந்து வருடமாகிறது. அக்கா திங்கட்கிழமைக்கும் சேர்த்து லீவு கேட்டிருக்கிறார். வந்து கிடக்கிற சலூன் நாற்காலி மூன்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.