இயக்குநரின் பெயர் வைத்த பவளம்

கடல் ஆய்வகத்தின் கடைசி அறையில் வேலை பார்த்தவளை எல்லோரும் ஜாடியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சுவர் முழுக்க ஜாடிகள். அவற்றுக்குள் எரிசாராயத்தில் ஊறிக் கிடக்கும் கடல் உயிர்கள். அந்தச் சாராய நெடி துணியில் ஏறிக்கொள்ளும். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள் 'பார்த்தால் நல்ல மாதிரி இருக்கிறாளே' என்பதுபோல் பார்ப்பார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒருநாள் ஆய்வகத்தின் முக்குளிப்பாளர் ஒரு மென்பவளத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நகையில் வைக்கிற பவளம் வேறு; இது கல்லாக இறுகாமல், தொட்டால் ஈரப் பஞ்சுபோல் அமுங்குவது. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சு. சதைக்குள் புதைந்திருக்கும் நுண்ணிய சுண்ணாம்பு முட்களைப் பார்த்துத்தான் எது எந்த இனம் என்று சொல்ல முடியும். அவள் ஒரு கிள்ளு எடுத்து பிளீச்சிங் திரவத்தில் போட்டாள். சதை கரைந்தது, முட்கள் வெள்ளைப் பொடியாய் அடியில் தங்கின. நுண்ணோக்கியில் பார்த்தால், இரண்டு முனையும் கொண்டை போட்டதுபோல் விநோத வடிவம். இதுவரை யார் எழுதிய விவரிப்போடும் ஒத்துப்போகவில்லை. வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலிருந்து மாதிரிகளை வரவழைத்தும் பார்த்துவிட்டாள். சந்தேகமே இல்லை, புது இனம்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் தையல்காரர், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்.

"சாப்பிடலாமா?"

"முடியாதுங்க."

"நகை செய்யலாமா?"

"அதுவும் முடியாது."

"அப்புறம் எதுக்குத்தான் இருக்கு?"

"அது பாட்டுக்கு இருக்குங்க. நாமெல்லாம் எதுக்கு இருக்கோம்?"

அவர் அடுத்த ஊசியைத் தேட ஆரம்பித்தார்.

விஷயம் இயக்குநர் காதுக்குப் போனது. பதவிக்கு வந்த நாள் முதல் அந்த அறைப்பக்கம் தலைவைத்தும் படுக்காத மனிதர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன பேர் வைக்கப் போறீங்கம்மா?"

"நிறத்த வச்சு, 'சாம்பல்'னு வர்ற மாதிரி யோசிச்சிருக்கேன் சார்."

"சாம்பலா? கேக்கவே நல்லாயில்லயே. ஒரு மனுஷன் பேரா இருந்தா மரியாதையா இருக்கும்."

"யார் பேரு சார்?"

"அத நானே சொன்னா நல்லாவா இருக்கும்?" என்று கூரையைப் பார்த்தார்.

ஜாடியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கட்டுரையிலும் தன் பெயர் முதலில் வரவேண்டும் என்று அவர் அடுத்த பிட்டைப் போட்டார். "எழுதினவரே தன் பேரத் தானே வச்சுக்கிட்டார்னு நாலு பேர் சிரிப்பாங்க சார்" என்றாள் அவள். அவர் தாடையைத் தடவினார். கட்டுரையை இரண்டு வருடத்தில் மறந்துவிடுவார்கள், பெயர் அப்படியல்ல. ஆகவே, எழுதியவர் என்ற இடத்தை அவளுக்கே பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

இயக்குநரின் பெயர் லத்தீன் வால் ஒன்று முளைத்து, பவளத்தின் அறிவியல் பெயரானது. எரிச்சலை விழுங்கிக்கொண்டு அவள் விவரிப்பை எழுதி முடித்தாள். கணவர் அதை வாங்கி உரக்கப் படித்தார்: "'முதுகெலும்பு கிடையாது. பாறை எங்கே உறுதியாக இருக்கிறதோ அங்கே ஒட்டிக்கொள்ளும். நீரோட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாயும். தண்ணீரில் உப்பி நிற்கும், வெளியே எடுத்தால் சுருங்கிவிடும்.' ஏம்மா, இது பவளமா, உங்க டைரக்டரா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தியமாக அவள் அப்படி நினைத்து எழுதவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தாள். எதை நீக்கினாலும் பொய்யாகிவிடும். அப்படியே ஆய்விதழுக்கு அனுப்பினாள். சரிபார்த்த நிபுணர்களோ, தொட்டால் என்ன செய்யும் என்பதையும் சேர்க்கச் சொன்னார்கள். 'லேசாகத் தொட்டாலே வாயை மூடி உள்ளே இழுத்துக்கொள்ளும்' என்று சேர்த்தாள்.

கட்டுரை அச்சில் வந்ததும் இயக்குநர் தனக்குத்தானே ஒரு பாராட்டு விழா எடுத்தார். மேடையில் அறிவிப்பாளர் கட்டுரையின் விவரிப்பைக் கணீரென்று வாசித்தார்: "நமது இயக்குநரின் பெயரைத் தாங்கிய இந்த உயிருக்கு முதுகெலும்பு கிடையாது..."

பின்வரிசையில் யாரோ இருமினார். 'நீரோட்டம் எந்தப் பக்கமோ' வந்தபோது இருமல் அரங்கம் முழுக்கத் தொற்றிக்கொண்டது. புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த இயக்குநருக்கு எதுவும் உறைக்கவில்லை. முன்வரிசையில் இருந்த அவர் மனைவிதான் பக்கத்து இருக்கையிலிருந்த ஜாடியம்மாவின் கையைப் பிடித்து, "கல்யாணமான நாள்லேருந்து நான் சொல்லத் தவிக்கிறத நீ எவ்வளவு அழகா எழுதிட்டம்மா!" என்றார்.

இரவு வீட்டில் மனைவி விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும்; மறுநாள் இயக்குநர் அறைக்கு வரச்சொல்லி அவளுக்கு அழைப்பு.

"பேர மாத்துங்க."

"அச்சுல வந்தாச்சு சார். இனிமே மாத்த விதியில்ல."

"நான் இந்த ஆய்வகத்தோட டைரக்டர்!"

"அது பவளத்துக்குத் தெரியாதே சார்."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். ஜாடியம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். சிரிப்பை அடக்குவது நுண்ணோக்கியில் முள் தேடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வருடம் புதுக் கடற்பஞ்சு ஒன்று சிக்கியது. செய்தி பரவியதுமே துணை இயக்குநர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எம்பேரு மட்டும் வேணாம்!"

"பயப்படாதீங்க தம்பி" என்று அவள் ஜாடியின் மூடியைத் திருகினாள். "இதுக்கு உடம்பு பூரா ஓட்டை. யாரு பேரு பொருந்தும்னு இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கல."

அவர் வந்த வேகத்திலேயே திரும்பிப் போனார்.