யூசுப்பின் ஐஸ்கிரீம் பெட்டி

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே ஐஸ்கிரீம்காரரின் மோட்டார் மணி கேட்டால் நான் வேலையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவேன். இனிப்பு நீர் வியாதிக்காரிக்கு ஐஸ்கிரீம் மேல் என்ன ஆசை என்கிறீர்களா? ஆசையும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மணியில் எனக்கு ஒரு ஊரே இருக்கிறது.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தபோது, ஒரு நிவாரணக் குழுவோடு சண்டை நடக்கும் நாடொன்றுக்குப் போனேன். “பக்கத்துல இருக்கிற ரவாங்குக்கே தனியா போகத் தெரியாது, இவ அங்க போறாளாம்” என்று அம்மா என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

நாங்கள் போன சமயம், நாங்கள் தங்கிய ஊருக்குப் பக்கத்து ஊரில் தட்டம்மை பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது. தடுப்பூசி வந்து சேர்ந்த மறுநாளே குண்டு விழுந்து எங்கள் கிளினிக்கின் ஜெனரேட்டர் நாசமானது. அங்கே அடித்த வெயிலுக்குக் குளிர் போனால் மருந்தும் போச்சு. எங்கள் குழுவின் மெக்கானிக் குமார் அண்ணன் ஜெனரேட்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இது முடிஞ்சிருச்சுலா தங்கச்சி. ஸ்பேர் பார்ட் இங்க எங்க கிடைக்கும்?”

நான் உட்கார்ந்து அழுதேன். அந்த ஊர்த் தாதி ஹனான் அழவில்லை. மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தாள். அங்கே ஐஸ்கிரீம் விற்கும் யூசுப்பிடம் சொந்த ஜெனரேட்டரும் ஒரு பெரிய குளிர்ப்பெட்டியும் இருந்தன. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் ஐஸ்கிரீமையெல்லாம் வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

“வித்து முடிச்சிட்டுக் குடுங்களேன்” என்றாள் ஹனான்.

“அதுக்குள்ள உன் மருந்து கெட்டுப்போகும். பிள்ளைங்களக் கூப்பிடு, தின்னுட்டு வரிசையில நிக்கட்டும்.”

அப்படித்தான் நடந்தது. ஊசிக்கு அலறின பிள்ளைகள்கூட கையிலிருந்த ஐஸ்கிரீமை விடவில்லை. குமார் அண்ணனும் வரிசையில் நின்று வாங்கித் தின்றார், ஊசி மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஐஸ்கிரீமில் பன்னீர் மணக்கும். இன்றைக்கும் பத்துமலையில் தைப்பூசக் கூட்டத்தில் பன்னீர் வாசம் வந்தால் எனக்கு முருகனுக்கு முன்னால் யூசுப்தான் நினைவுக்கு வருகிறார். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தட்டம்மை அந்த ஊருக்குள் வரவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் வேறு இல்லை.

போன மாதம் ஹனான் படம் அனுப்பியிருந்தாள். புதுக் கிளினிக், கூரையில் சோலார், இராப்பகலாக ஓடும் குளிர்ப்பெட்டி. நாங்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனதெல்லாம் வந்திருந்தது. யூசுப் எப்படி இருக்கிறார், பிள்ளைகள் வளர்ந்திருப்பார்களே என்று ஆசையாகக் கேட்டேன்.

பதில் வந்தது. “திரும்பவும் சண்டை வந்துச்சு. எல்லாக் குடும்பமும் எல்லையத் தாண்டிப் போயிருச்சு, யூசுப்பும்தான். மருந்து நிறைய இருக்கு. போட்டுக்கத்தான் ஊர்ல பிள்ளைங்க இல்ல.”