அம்பு முனையை இழுத்துப் பார்த்த நாள்

வில் அம்புக் கடையில் எனக்கு இருபது வருடம் ஆகிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், அந்தக் கடையிலேயே பெட்டி கட்டும் வேலையில் தொடங்கினேன். இன்று வேட்டைக்கான அம்பு முனை என்றால் ஜெர்மன்காரரே என்னிடம் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். பெருமை அடிக்கிறான் என்று நினைத்தால் நினையுங்கள், உண்மை அதுதான்.

ஜெர்மனியில் வில்லால் வேட்டையாடச் சட்டம் விடாது. அதனால் முனை வாங்குகிறவர்கள் எல்லை தாண்டிப் போகிறார்கள். முனையில் எத்தனை பிளேட், அதாவது வெட்டும் தகடு, இருக்கலாம், எவ்வளவு அகலம், என்ன வடிவம் என்று நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். வாங்குகிறவர் கொண்டுவரும் சட்டத் தாளைப் பார்த்து, பொருந்தும் முனையை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

பீலெஃபெல்டில் ஆஸ்பத்திரித் தாதியாக இருக்கும் தயாளன் ஒருநாள் அப்படியொரு தாளோடு வந்தார், வெளிநாட்டில் வேட்டைக்கு அழைத்தவர்கள் அனுப்பியது. யாக்ட்ஷைன் என்கிற வேட்டை உரிமத்தை மூன்றாம் தடவையில்தான் பாஸ் பண்ணி எடுத்தவர். "கொளுக்கி உள்ள முனை கூடாது" என்று தாளில் இருந்தது; தூண்டில் முள்போல மாட்டிக்கொள்வதுதான் கொளுக்கி. அவருக்குப் பிடித்ததோ விரியும் முனை. பறக்கும்போது அதன் பிளேட்கள் மடிந்திருக்கும், பட்டதும் விரியும்.

"அண்ணை, இது சட்டத்துக்குச் சரியோ? அங்கை பிடிபட்டால் இங்கை யாக்ட்ஷைனும் போயிடும்."

மடிந்த முனையை விரலால் தடவினேன், வழுவழுப்பாக இருந்தது. விரித்து அளந்தேன், அகலமும் சரி.

"நான் சொல்லுறன், கொண்டு போங்கோ தம்பி."

"எதுக்கும் கூப்பிட்டவையட்டை எழுதிக் கேப்பமோ?"

"என்னத்துக்கு? அவையே என்னட்டைத்தான் கேக்கவேணும்!"

மறுநாள் இன்னொருவருக்குக் காட்டுவதற்காக அதே வகை முனையைக் கடையில் குறிபார்க்க வைத்திருக்கும் நுரைக்கட்டியில் எய்தேன். அம்பை இழுத்தால் வரவில்லை. விரிந்த பிளேட்கள் அப்படியே பூட்டிக்கொண்டு, பின்பக்கமாகச் சரிந்து, நுரையைக் கொளுவிப் பிடித்திருந்தன. பலத்தைக் கூட்டி இழுத்தேன். ஒரு கை நுரை பிய்ந்து வந்தது.

காயத்தோடு தப்பி ஓடுகிற மானின் உடம்பிலிருந்து அம்பு கழன்று விழவேண்டும். அதற்காகத்தான் அந்தச் சட்டம். நானோ முனை உள்ளே போகிற பக்கத்தை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு ஓம் சொல்லியிருந்தேன்.

உடனே தயாளனுக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, அந்த முனையைக் கொண்டு போகாதேங்கோ. நான் பிழை சொல்லிப்போட்டன்."

"உண்மையா நீங்கள்தானோ கதைக்கிறியள் அண்ணை? திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ, ரெக்கோட் பண்ணுறன்."

"பகிடியை விடுங்கோ. எப்ப வெளிக்கிடுறியள்?"

"நாளையிண்டைக்குக் காலமை. இடையிலை நாளைக்கு ஒரு நாள்தான் கிடக்கு."

அன்று பின்னேரமே விரியாத முனைகளோடு ரயில் ஏறினேன். பின்விளிம்பு நேராக வெட்டப்பட்டவை அவை. தயாளன் வீட்டு மேசையில் இரண்டு வகையையும் வைத்துப் படமெடுத்து, வேட்டைக்கு அழைத்தவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். அவர் எழுதினார், நான் பக்கத்தில் இருந்தேன். அடுத்த நாள் மத்தியானம் பதில் வந்தது: விரிந்து பூட்டுவது கொளுக்கிதான், கூடாது. மற்றதைக் கொண்டு வரலாம்.

தயாளன் மான் ஒன்றும் இல்லாமல் திரும்பினார். யாக்ட்ஷைன் பத்திரமாக இருக்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முனையை எய்து, இழுத்துப் பார்த்துவிட்டு வாய் திறவுங்கள். அதற்குப் பிறகும் சந்தேகம் என்றால் எழுதிக் கேளுங்கள். நானே இப்போது எழுதிக் கேட்கிறேன், உங்களுக்கு என்ன வெட்கம்?